யானை முத்திரைக்கு அடியில்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அன்னம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தோம். உள்ளே என்ன இருந்தது என்று எட்டிப் பார்க்காதவர்களுக்காக: பழைய சேலைகளுக்கு அடியில், காடாத் துணியில் சுற்றிய ஒரே ஒரு ரப்பர் ஷீட்.

செலண்டார் கடைத்தெருவில் அந்த ஷீட்டைக் காட்டினால், பழசு, பூஞ்சணம் பிடித்தது என்று முகத்தைச் சுளித்துப் பாதி விலை சொல்வார்கள். அன்னம்மாவைக் கேட்டால் ஒரு ஆள் விலை என்பாள். அவள் சொல்வதுதான் சரி.

ஐந்து வருஷத்துக்கு முன் அவள் கணவர் ரங்கசாமி யானைத் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைவீட்டு மேஸ்திரி. அந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் வேறு. அங்கே உருளையில் அழுத்தி எடுக்கும் ஷீட்டில் யானை முத்திரை விழுவதால் தமிழர் வாயில் அது யானைத் தோட்டம். ஒருநாள் காட்டோரக் குடிசை ஒன்றில் யானை முத்திரை விழுந்த நான்கு ஷீட்டுகள் அகப்பட்டன. காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு, அவற்றை அனுப்பியது ரங்கசாமிதான் என்று சாட்சி சொன்னவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி. அவர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் சாட்சி சொல்கிறவனுக்கு வாய் உண்டு, கேட்கிறவனுக்குக் காது உண்டு. பிடிபட்டவனுக்கு இரண்டும் கிடையாது. இரண்டு வருஷம் தடுப்பு முகாம். அதன் பிறகு கப்பல். ரங்கசாமி இப்போது அறந்தாங்கிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கல் அடுக்குகிறார்.

போன மாதக் கடிதத்தில் இரண்டே வரி. "கண் மங்கிக்கொண்டு வருகிறது. உங்கள் முகம் தெரியும்போதே வந்து சேர வழி உண்டா என்று சுசீலாவைக் கேள்."

சுசீலா மூத்த மகள். தாய்மாமன் சாமிநாதன் தயவில் சிங்கப்பூர் போய்ப் படித்தவள். கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கெமிஸ்ட் என்று சொன்னதால், அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் பெண்கள் இருமலுக்கு மருந்து கேட்டு வருவார்கள். அவளிடம் ஒரு குப்பிகூடக் கிடையாது. பென்சிலும் காகிதமும்தான். ரப்பருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள் எப்படி நெளிகின்றன, எவ்வளவு நேரம் நெளிகின்றன என்று கணக்குப் போடுவது அவள் வேலை. குப்பியைக் குலுக்காத கெமிஸ்டை ஊரில் யாரும் நம்பவில்லை. அடுப்புப் பற்றவைக்காத சமையல்காரி என்று அன்னம்மாவே ஒருமுறை சொன்னாள்.

அந்தக் கெமிஸ்ட்தான் போன வாரம் பெட்டியைத் திறந்து, ஷீட்டை வெயிலில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். யானையின் கால்களுக்குக் கீழே ஷீட்டில் உருளை பதித்த வரிகள் நசுங்கியிருந்தன.

ஈர ஷீட்டில் அச்சு விழுந்தால் வரிகள் நசுங்காது. மாவு மாதிரி இருக்கும்போதே வரியும் முத்திரையும் சேர்ந்து விழும். அப்புறம்தான் புகைவீடு. இந்த யானை, புகைபோட்டுக் காய்ந்த ஷீட்டின்மேல் இரண்டாம் முறை அழுத்திய யானை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனோ, உருளை சுற்றுகிறவனோ கனவிலும் அப்படிச் செய்யமாட்டான். முத்திரை என்றாலே காகிதத்தில் குத்துவது என்று நினைக்கிறவன்தான் செய்வான். அதாவது, ஒரு கிராணி.

அப்படியென்றால் யானைக்கு அடியில் வேறொரு முத்திரை நசுங்கிக் கிடக்கவேண்டும்.

அது ஆயுத பூஜை நாள். சாமிநாதனின் மூன்று ஏக்கர் தோட்டத்துக் கொட்டகையில் காலையிலேயே அன்னம்மா உருளைக்குச் சந்தனம் பூசினாள். தோட்டத்து லயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நாள்முதல் அவள் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். அவன் மரத்தில் பால் வெட்டுகிறாள், அவன் உருளையில் ஷீட் அழுத்துகிறாள். உருளையில் செதுக்கிய இரட்டை மீனுக்குக் கண் இருக்கும் இடத்தில் குங்குமம் வைத்தாள். இடது மீன் அக்கா, வலது மீன் தம்பி. ரங்கசாமி பிடிபடுவதற்கு முன்பே அவள் தோடு விற்று வாங்கிக் கொடுத்த உருளை அது. மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு மீன்தான் ராசி என்று அச்சைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

சாமிநாதன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அடுத்த வருஷம் சொதந்திரம்னு பேசிக்கிறாங்க. நம்ம வட்டாரத்தைக் காட்டுக்காரங்க இல்லாத வெள்ளைப் பகுதின்னு அறிவிச்சு ஊரடங்கு போயி எத்தனை நாளாச்சு. எல்லாம் தானா சரியாவும். பொறுத்தார்தான் பூமி ஆள்வார்."

"அஞ்சு வருஷம் பொறுத்தேன்டா. எந்தப் பூமியை ஆண்டேன். உன் மூணு ஏக்கர்ல பால்தான் வெட்டுறேன்."

அவன் சிரித்தான். பிறகு சுசீலாவிடம் வந்தான். ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் ஷீட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்டான்.

இதை அவள் அவனுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தாள். நான்காம் தடவையும் பொறுமையாகவே சொன்னாள். ரப்பருக்குள் இருக்கும் சங்கிலிகள் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் மாதிரி, இழைமேல் இழையாகச் சிக்கிக் கிடக்கின்றன. முதல் அச்சோடு காய்ந்தபோது அவை ஒரு நிலைக்குப் பழகிவிட்டன. மேலே இன்னொன்றை அழுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பத்தான் துடிக்கும். சூடு கொடுத்தால் அந்தத் துடிப்புக்குப் பலம் வரும். ஆனால் கிடப்பில் கிடக்கும் ஷீட்டுக்குள் வருஷத்துக்கு வருஷம் புது முடிச்சுகள் விழுகின்றன. அந்த முடிச்சுகள் பொய் அச்சோடு சேர்த்துக் கட்டிவிடும். அவள் கணக்குப்படி, ஐந்து வருஷமும் சில மாதமும் வரை பழையது ஜெயிக்கும். அதற்குமேல் போனால் ரப்பர் பொய்யையே உண்மை என்று நம்பிவிடும்.

மனுஷர்களைவிட ரப்பருக்குக் கொஞ்சம் ஞாபகம் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரே தடவைதான் மாமா. கொதி தண்ணில போட்டா யானை போயிடும். அடியில இருக்கறது எழும்பினா எழும்பினதுதான். இல்லாட்டி நம்ம கையில வெறும் ஷீட்டு. அப்பாவுக்கு வேற சாட்சி கிடையாது."

"அடியில என்ன வரும்?"

"நட்சத்திரம். கிராணி பொண்டாட்டி பேருல அஞ்சு ஏக்கர் இருந்துச்சில்ல, அந்த அச்சு."

"நட்சத்திரம்தான் வருமா?"

"ஏதோ ஒண்ணு இருந்தா அது எழும்பும்னுதான் கணக்கு சொல்லும் மாமா. எதுன்னு சொல்லாது."

சாமிநாதன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சைக்கிளைத் துடைக்கப் போனான்.

கோலாலம்பூரில் அவளுடைய வெள்ளைக்கார மேலதிகாரி, இத்தனை விஷயம் இருக்க ரப்பரின் ஞாபகசக்தியை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டார். டயருக்கு உதவும் என்றாள் சுசீலா. அவர் மகிழ்ந்துபோய் அவளுக்குக் கையால் சுழற்றும் கணக்கு மெஷின் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார். யானை பொய் என்ற சந்தேகம் மட்டும் இருந்த அந்த இரண்டு வருஷமும், அவள் அதன் பிடியைச் சுழற்றியபோதெல்லாம் ஒரு கழுத்தைத் திருகுவதாகத்தான் நினைத்துக்கொண்டாள். அவருக்கு அது தெரியாது.

கழுத்துக்குச் சொந்தக்காரர் தம்புசாமி இப்போது கிராணி இல்லை. தோட்டத்து வேலையை விட்டு, செலண்டார் கடைத்தெருவில் ரப்பர் கடை வைத்து, ஷீட் வாங்கி விற்கிறார். ஊர் அவரை இன்னும் கிராணி என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை. வாரத்துக்கு ஒருமுறை அன்னம்மா ஷீட் போடப் போகும்போது, "வணக்கம் கிராணி, நல்லாயிருக்கீங்களா" என்று ஒரு வாரமும் தவறாமல் கேட்பாள். அவர் அதை மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டார். கத்தியைக் கல்லில் தேய்க்கும்போதும் அப்படி மெதுவான சத்தம்தான் வரும்.

கடைவாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே சரஸ்வதி படம். அதன்முன் அவரவர் ஆயுதம். பால்வெட்டுக் கத்திகள், தராசு, தையல்காரரின் கத்தரி, லோரி டிரைவர் கழற்றிக் கொண்டுவந்த ஸ்பானர். இங்கே ஒரு முறை உண்டு. சாமிமுன் வைத்த ஆயுதத்தை வைத்தவர் தவிர வேறு கை எடுக்கக்கூடாது. மறுநாள்வரை எந்தக் கருவியும் வேலை செய்யக்கூடாது. தம்புசாமி அதை வருஷாவருஷம் உரக்கச் சொல்வார். பக்தியைச் சத்தமாகச் செய்தால் கடைக்கு நல்லது.

ஜாசினிலிருந்து ஹனீஃப் பாய் தன் பழைய காரில் வந்து இறங்கியிருந்தார். மனு எழுதுகிறவர். எழுதியதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அரசாங்கமே அனுமதித்த ஆள். தான் அழைத்ததால் வந்தார் என்று கிராணி நினைத்தார். சுசீலாவின் கடிதம் கிடைத்து வந்தது அவருக்குத்தான் தெரியும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன், காதால் கேட்டதை எழுதச் சொல்லாதே என்று அவர் பதில் போட்டிருந்தார். நாடு கடத்தப்பட்டவரைத் திரும்பக் கூப்பிட மேலிடம் கேட்பது ஒன்றுதான்: சாட்சி பொய் என்பதற்குக் கையில் பிடித்துக் காட்டும் ஒரு பொருள்.

சுசீலா சாமிமுன் தன் பென்சிலை வைத்தாள். நாலு பேர் சிரித்தார்கள். தம்புசாமியும் சிரித்தார்.

"பாப்பா, அவ்ளோ படிச்சு ஒரு பென்சில்தானா? மருந்து பாட்டில் ஒண்ணாவது கொண்டு வந்திருக்கலாம் லா."

"இதுவே போதும் கிராணி."

பின்னால் வந்த அன்னம்மா காடாத் துணியை அவிழ்த்து, ஷீட்டை எடுத்து, பென்சிலுக்குப் பக்கத்தில் விரித்தாள். யானை மேலே பார்த்தபடி கிடந்தது.

தம்புசாமியின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. கடைக்காரர் சிரிப்பு அப்படித்தான், சரக்கு போன பிறகும் கொஞ்ச நேரம் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு குனிந்து ஷீட்டை எடுக்கப் போனார். லோரி டிரைவர்தான் ஞாபகப்படுத்தினார், சாமிமுன் வைத்ததை வேறு கை எடுக்கக்கூடாது என்று கிராணிதானே சொன்னார் என்று.

"இது கேஸ் ஷீட்டு. போலீஸ் சொத்து. வெளியில இருக்கறதே குத்தம்" என்றார் தம்புசாமி.

அன்னம்மா இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து ஹனீஃப் பாயிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ரங்கசாமியைப் பிடித்துக்கொண்டு போனபின் அவருடைய சாமான்களைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்த பட்டியல். ஒரு சட்டை, ஒரு தூக்குவாளி, ஒரு குடை, ஒரு ரப்பர் ஷீட்.

"யாரு எழுதின பட்டியல்க்கா?"

"கிராணி கையெழுத்துதான் பாய். நாலு ஷீட்டும் என் வீட்டுக்காரர் சொத்துன்னு அன்னைக்கு எழுதினாரு. மூணு கேஸோட போச்சு. ஒண்ணை, அவர் சொத்துன்னு எழுதியிருக்குன்னு ஸ்டேஷன்ல என்கிட்டயே குடுத்துட்டாங்க. கிராணி எழுத்து, தப்பா இருக்குமா?"

எழுதிப் பிழைத்தவருக்கு எழுத்தாலேயே முட்டுக்கட்டை. கூட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தம்புசாமி உட்கார்ந்துவிட்டார்.

கடலைச் சுண்டலுக்கென்று பின்கட்டில் அகலவாய் அண்டாவில் தண்ணீர் ஏறியிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சாமிநாதன் தானாக வந்து உட்கார்ந்திருந்தான். அரைமணி நேரம் ஆகியும் தண்ணீர் கைச்சூட்டில்தான் இருந்தது. அன்னம்மா போய்ப் பார்த்தாள். அடுப்பில் ஈர விறகு. புகை வந்ததே தவிர நெருப்பு வரவில்லை.

"என்னடா, புகைவீடு போட்டிருக்கே" என்றாள்.

மழை விறகு அக்கா என்றான் அவன். அவள் அவனை நகரச் சொல்லி, சுவரோரம் அடுக்கியிருந்த காய்ந்த விறகைத் தானே எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குமிழியிட்டது.

ஷீட்டைக் கொதிக்கவைத்தால் யானைக்கு அடியில் இருப்பது எழும்பும் என்று சுசீலா சொன்னதும் எல்லோரும் பின்கட்டுக்கு வந்துவிட்டார்கள். சாமிமுன் வைத்த அன்னம்மாவே ஷீட்டை எடுத்துச் சுசீலா கையில் கொடுத்தாள். இதுவரை சுசீலா எதையும் கொதிக்கவைத்துப் பார்த்ததில்லை. ஏழு பக்கக் கணக்கில் எங்கோ ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால், அப்பா சூளையிலேயே கண் அவிந்து கிடப்பார். பன்னிரண்டு நிமிஷம் என்று ஹனீஃப் பாயிடம் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஷீட்டைத் தண்ணீரில் போட்டாள். அது மிதந்தது.

சுசீலா திகைத்துப்போனாள். அவள் கணக்கில் சங்கிலிகள் இருந்தன, முடிச்சுகள் இருந்தன, சூடு இருந்தது. ரப்பர் தண்ணீரில் மிதக்கும் என்பது மட்டும் இல்லை. அங்கே நின்றிருந்த ஒவ்வொருவருக்கும் அது பிறந்ததிலிருந்து தெரியும். அன்னம்மா நீளமான அகப்பையை எடுத்து ஷீட்டை அடியில் அமுக்கிப் பிடித்தாள்.

"நீ கணக்கைப் பாரு. நான் இதைப் பார்த்துக்கிறேன்."

மூன்று நிமிஷத்தில் யானையின் தும்பிக்கை மங்கியது. ஐந்தாம் நிமிஷம் காது போயிற்று. ஏழில் யானை முழுசாக இல்லை. ஷீட் மொழுமொழுவென்று கிடந்தது. வேறு எதுவும் வரவில்லை.

தம்புசாமி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் நிறம் திரும்பியது. "படிச்ச புள்ள. சுண்டல் அண்டாவுல சாட்சியை வேகவச்சிடுச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

 சுசீலா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். பத்தாம் நிமிஷம் நசுங்கிய வரிகள் நிமிரத் தொடங்கின. வரிகளுக்கு நடுவே ஒரு முனை தெரிந்தது. கூரான முனை. நட்சத்திரத்தின் முனை என்று அவள் நினைத்தாள். பக்கத்தில் இன்னொரு முனை. இரண்டும் கவடு மாதிரி சேர்ந்தன.

அது நட்சத்திரம் இல்லை. வால்.

பன்னிரண்டு நிமிஷம் என்றார் ஹனீஃப் பாய். அன்னம்மா அகப்பையால் ஷீட்டைத் தூக்கி வாழை இலைமேல் போட்டாள். ஆவி அடங்கியது. இரண்டு மீன்கள், ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி, செதில் முதற்கொண்டு தெளிவாக இருந்தன.

அன்று காலைதான் அவற்றுக்கு அவள் குங்குமம் வைத்திருந்தாள்.

முதலில் சத்தம் வந்தது தம்புசாமியிடமிருந்து. ஆசுவாசமான சிரிப்பு. "பார்த்தீங்களா பாய். என் அச்சு நட்சத்திரம். ஊருக்கே தெரியும். இது யாரு வீட்டு மீனுன்னும் ஊருக்கே தெரியும்."

அன்னம்மா மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  அகப்பையிலிருந்து தண்ணீர் அவள் கால்மேல் சொட்டியது. கொதிக்கிற தண்ணீர். அவள் காலை நகர்த்தவில்லை.

அடுத்து வாய் வந்தது சுசீலாவுக்குத்தான். அம்மாவுக்கு இதற்குமேல் என்ன ஆகும் என்று யோசிக்க அவள் தன்னை அனுமதிக்கவில்லை. எதிரே நிற்கிற கழுத்தை மட்டும் பார்த்தாள்.

"மீனு யாருதுங்கறது அப்புறம் கிராணி. மேல யானையை அழுத்தினது யாரு? யானை உருளை இருந்த கொட்டகைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கப்பாகிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. எங்கப்பா ஆயுசுல காஞ்ச ஷீட்டுல அச்சுப் போட்டதில்லை. அவருக்கு அந்த வேலை தெரியாது. அவர் புகைவீட்டு ஆளு. உங்களுக்குத்தான் முத்திரைன்னா காஞ்ச காகிதத்துல குத்துறது."

சுற்றி நின்ற பால்வெட்டுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு ஏழு பக்கக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. காய்ந்த ஷீட்டில் அச்சு என்ற ஒரு சொல் போதும். கத்தியைத் திருப்பிப் பிடித்தவனைப் பார்ப்பதுபோலக் கிராணியைப் பார்த்தார்கள்.

தம்புசாமி வியாபாரி. சரக்கு முழுகும்போது கூட்டாளியையும் சேர்த்து இழுத்தால் நஷ்டம் பாதியாகும் என்பது அவருக்குத் தெரியும்.

"சரி. சாவி என்கிட்ட. ரங்கசாமி ஷீட்டை ஒண்ணு ஒண்ணா எண்ணி வச்சா நான் எங்கேருந்து எடுக்கறது? அவன் இருக்கற வரைக்கும் தோட்டத்துல இருந்து ஒரு துண்டு வெளியில போவாது. எனக்கு நாலு ஷீட்டு வேண்டியிருந்துச்சு. கொண்டாந்து குடுத்தவன் உங்க மாமன். காட்டுக்காரனுக்கு அரிசி குடுத்து மாட்டிக்க இருந்தவன். போலீசுக்குப் போற லிஸ்டுல இருந்து அவன் பேரை நான் எடுத்தேன். யாரு தலையில விழப்போவுதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தான். அவனையே கேளு."

ஹனீஃப் பாய் பேனாவைத் திறந்துவிட்டார். "சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டேன் கிராணி. இத்தனை பேரு முன்னால சொல்லிட்டீங்க" என்றார் மரியாதையாக.

எல்லோரும் அடுப்பு மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஈர விறகு மட்டும் இருந்தது. வாசலில் சாய்த்திருந்த சைக்கிளையும் காணவில்லை.

சுசீலாவுக்கு அப்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பொறுத்தார் பூமி ஆள்வார். நட்சத்திரம்தான் வருமா. மழை விறகு. தன்னைச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றிவிட்ட கை எது, எதற்காக அத்தனை தாராளம் என்பதும் புரிந்தது. அந்தப் படிப்பு அவன் கட்டிய பரிகாரம். அதே படிப்பு இன்று அவனைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

ஹனீஃப் பாய் எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். மீனுக்குச் சொந்தக்காரர் பெயர் எழுதும் இடம்.

"அக்கா, பெயரைப் போட்டா தம்பியும் உள்ள போவாரு. அவசரகாலம் இன்னும் முடியலை. போடாட்டி மனு நிக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

அன்னம்மா ஷீட்டைக் காடாத் துணியில் சுற்றினாள். நான்கு மூலையையும் நிதானமாக மடித்தாள்.

"என் வீட்டுக்காரரை ஏத்திட்டுப் போன கப்பல் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு பாய். எழுதுங்க. சாமிநாதன். அப்பா பேரு வேணும்னா என் அப்பா பேரையே போட்டுக்குங்க."

அவர் எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள். லோரி டிரைவரும் தையல்காரரும் சாட்சி போட்டார்கள். தம்புசாமி கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாமிமுன் இருந்த பென்சிலை சுசீலா எடுத்துக்கொள்ளவில்லை. அது நாளைவரை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

காரில் ஏறும்போது ஹனீஃப் பாய் சொன்னார், ஷீட் மட்டும் போதாது, மீன் அச்சு இன்ன உருளையில் விழுந்தது என்று உருளையையும் காட்டவேண்டும், இல்லாவிட்டால் இது குளத்து மீன் என்று சொல்லிவிடுவார்கள் என்று. சொல்லி முடிக்கும்முன்பே அவருக்கும் புரிந்துவிட்டது, சைக்கிள் எங்கே போயிருக்கும் என்று. இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை மிதித்தார். இரண்டே மைல்தான். ஆனால் கையெழுத்துகளுக்கே அரைமணி நேரம் போயிருந்தது.

கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. சைக்கிள் இல்லை. தரையில் ஒரு உளியும் சுத்தியலும். ஆயுத பூஜையன்று, சந்தனம் பூசிய உருளையின்மேல், வேலை நடந்திருந்தது. இரும்புத் துகள் குங்குமத்தோடு கலந்து சிதறியிருந்தது.

அன்னம்மா உருளைக்கு முன் குந்தி உட்கார்ந்தாள். இடதுபக்க மீன் இருந்த இடத்தில் கொத்திக் குதறிய பள்ளம். வலதுபக்க மீன்மேல் உளி படவே இல்லை. அதன் கண்ணில் காலையில் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. கார்ச் சத்தம் கேட்டிருக்கும், பாதியில் ஓடிவிட்டிருப்பான் என்று ஹனீஃப் பாய் மெல்லச் சொன்னார்.

"ஒரு மீனு போதுமா பாய்?" என்று கேட்டாள் சுசீலா.

அவர் ஷீட்டை வாங்கி வலது மீனோடு வைத்துப் பார்த்தார். செதிலுக்குச் செதில் பொருந்தியது. போதும் என்றார்.

அன்னம்மா குதறிய பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். உளி கொத்திய கூர் இன்னும் சூடாக இருந்தது.

"இடது மீன் நான்" என்றாள். "முதல்ல என்னைத்தான் அழிச்சிருக்கான்."

பிறகு எழுந்து, முந்தானையால் வலது மீனின் மேலிருந்த இரும்புத் துகளைத் துடைத்துவிட்டாள். அழுக்கு ஒட்டாமல், பத்திரமாக.

"தன்னை விட்டுட்டுப் போயிட்டான், பாவம். கொட்டகையைப் பூட்டு சுசீலா. பூட்டிட்டு சாவியை என்கிட்டக் குடு. இருட்டறதுக்குள்ள சோத்துக்குத் திரும்பி வருவான். இந்த அஞ்சு வருஷமும் அவனுக்குப் பரிமாறினது இந்தக் கைதான்."